40 சதுர அடி பால்கனியில் என்ன விளையும்?

மூன்றாவது மாடியில் 10 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு பால்கனி. போன பருவத்தில் ஆறு சின்னத் தொட்டிகளில் தக்காளி வைத்தீர்கள். செடிகள் குச்சி குச்சியாக உயர்ந்தன. பூத்தன, பூக்கள் உதிர்ந்தன. கடைசியில் ஏழெட்டுக் காய்கள் கிடைத்தன, அவற்றிலும் பாதிக்கு அடிப்பக்கம் கறுத்துப்போயிருந்தது. இவ்வளவு சின்ன இடத்தில் உணவுச் செடி வளர்ப்பது நடக்கிற காரியமா, இல்லை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

விட வேண்டாம். தக்காளியை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களும் மூன்று தனித்தனிக் குறைகளைக் காட்டுகின்றன. செடி குச்சியாக நீள்வது வெளிச்சம் போதாததால். பூ உதிர்வது பெரும்பாலும் வெப்பத்தால், சில சமயம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிஞ்சிப்போவதால். காயின் அடி கறுப்பது தண்ணீர் சீராகப் போகாததால், அதற்கும் பின்னால் தொட்டி சின்னது என்ற காரணம் இருக்கிறது. பால்கனி 40 சதுர அடிதான் என்பதால் வந்த குறை இதில் ஒன்றுகூட இல்லை. நாம் சதுர அடியை எண்ணுகிறோம். செடிக்குத் தெரிந்த கணக்கு வேறு: எத்தனை மணி நேரம் வெயில், வேருக்கு எத்தனை லிட்டர் இடம். இந்த இரண்டையும் அளந்த பிறகு செடியைத் தேர்ந்தெடுத்தால் போதும், மீதி எல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

அதற்கு முன் எதிர்பார்ப்பை ஒரு கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்வோம். உங்கள் பால்கனி சுமார் 3.7 சதுர மீட்டர். நன்றாகப் பராமரிக்கும் வயலில் உருளைக்கிழங்கு ஒரு சதுர மீட்டருக்கு 4 கிலோ வரும். கால் வைக்க இடம் விடாமல் பால்கனி முழுக்க அதையே போட்டு, வயல் அளவு விளைச்சலும் எடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம்: 15 கிலோ. கிலோவுக்கு ஏறக்குறைய 770 கலோரி என்றால் மொத்தம் 11,500 சொச்சம். நாளுக்கு 2,000 கலோரி வேண்டிய ஒருவருக்கு ஆறு நாள்கூடத் தாங்காது, அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்த பிறகு. ஆகவே தானியம், கிழங்கு, பருப்பு போன்ற வயிறு நிரப்பும் பயிர்களை வயலுக்கே விட்டுவிடுங்கள்.

பெரிய அளவில் நகரங்கள் உணவு விளைவித்த காலங்களிலும் இப்படித்தான் நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன, நாட்டின் புதிய காய்கறியில் ஏறக்குறைய 40 சதவீதம் அவற்றிலிருந்து வந்தது என்பது அன்றைய மதிப்பீடு. கோதுமை வயலிலிருந்துதான் வந்தது. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்து எண்ணெயும் உரமும் வராமல் போனபோது கியூபாவின் ஹவானா நகரத்தில் காலி மனைகளில் மட்கு உரம் நிரப்பிய மேடைப் பாத்திகள் எழுந்தன. அவற்றிலும் பெரும்பாலும் கீரையும் காய்கறியும்தான். சின்ன இடம் எதில் கெட்டி என்பதை இந்த இரண்டும் நன்றாகவே காட்டுகின்றன.

ஆக, உங்களுக்கானவை இலைகள்: கீரை வகைகள், புதினா, கொத்தமல்லி, துளசி இனத்து மணச்செடிகள், வெங்காயத் தாள், லெட்டூஸ். வெயில் இருந்தால் மிளகாய். இவை சமையலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேவைப்படும், பறித்த சில மணி நேரத்தில் வாடும், கட்டாக வாங்கினால் பாதி குளிர்பெட்டியிலேயே அழுகும். பறித்த கீரையில் வைட்டமின் சி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும், அறை வெப்பத்தில் இன்னும் வேகமாக. வேண்டும்போது பத்து இலை கிள்ளிக்கொள்ள முடிவது என்பது எடைக் கணக்கில் தெரியாத ஒரு லாபம். அதை அனுபவித்தவர்கள் திரும்பக் கட்டுக் கீரைக்குப் போக மாட்டார்கள்.

இனி வெளிச்சம். பலரும் தோற்கும் இடம் இது, காரணம் நம் கண். நேர் வெயிலில் வெளிச்சத்தின் அளவு ஒரு லட்சம் லக்ஸ். நல்ல வெளிச்சமான அறை என்று நாம் நினைப்பதில் 300 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும். இருநூறு மடங்கு வித்தியாசம். கண்மணி சுருங்கி விரிந்து, பார்வையும் தன்னைப் பழக்கிக்கொண்டு இந்த வித்தியாசத்தை நம்மிடமிருந்து மறைத்துவிடும். செடியிடம் மறைக்க முடியாது. அதனால் "என் பால்கனி நல்ல வெளிச்சம்தான்" என்ற நினைப்பை நம்பாதீர்கள். ஒரு விடுமுறை நாளில் காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணி வரை மணிக்கு ஒருமுறை பால்கனியைப் படம் எடுங்கள். தரை, நடுவில், கைப்பிடிச் சுவரின் மேல் என மூன்று உயரங்களில் எங்கே கூர்மையான நிழல் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூர்மையான நிழல் விழுந்தால் அங்கே நேர் வெயில் இருக்கிறது. மங்கலான நிழல் என்றால் அந்த மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சூரியனின் பாதை ஆண்டு முழுவதும் நகரும் என்பதால் மூன்று நான்கு மாதம் கழித்து இன்னொரு முறை இதையே செய்ய வேண்டும்.

மாடி பால்கனிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நண்பகலில் சூரியன் தலைக்கு நேரே வரும் ஊர்களில், மேல் மாடியின் தளம் அந்த உச்சி வெயிலை முழுசாக மறைத்துவிடும். சாய்வாக வரும் காலை அல்லது மாலை வெயில்தான் உள்ளே நுழையும். வெளியே வெயில் கொளுத்தும், உங்கள் தொட்டிக்கு இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்காது. தரையில் வைத்த தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரின் மட்டத்துக்கு ஏற்றினாலே இந்தக் கணக்கு பெரிதாக மாறும். உறுதியான ஒரு பெஞ்சுப் பலகை போதும், செலவு செய்து வாங்கும் எந்த உரத்தையும்விட அது அதிகம் உதவும். சுவருக்கு வெள்ளை அடித்தால் பின்பக்கத்திலிருந்தும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்.

கிடைத்த மணிக் கணக்கை இப்படிப் படியுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில் இருந்தால் தக்காளி, மிளகாய், கத்தரி, வெள்ளரி எல்லாவற்றுக்கும் வாய்ப்பு உண்டு. நான்கு ஐந்து மணி நேரம் என்றால் முள்ளங்கி, தண்டுக்கீரை, வெந்தயக்கீரை, வெங்காயத் தாள். மூன்று மணி நேரமோ அதற்குச் சற்றுக் குறைவோ என்றால் புதினா, பசலை, லெட்டூஸ், கொத்தமல்லி. இரண்டு மணி நேரத்துக்கும் கீழே போனால் புதினா தாக்குப்பிடிக்கும், மற்றவை உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். காய்க்கும் செடி வெளிச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, தனக்குப் போக மிச்சத்தைத்தான் காயில் சேர்க்கும். மிச்சம் இல்லாவிட்டால் காய் இல்லை. இலைக்காக வளர்க்கும் செடியில் வளர்ந்ததெல்லாம் அறுவடை என்பதால் குறைந்த வெளிச்சத்திலும் ஏதாவது கிடைக்கும். உங்கள் தக்காளி குச்சியாக நீண்டது என்கிறீர்களே, அதை வைத்து உங்களுக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம்தான் வெயில் வருகிறது என்று நினைக்கிறேன். அளந்து பார்த்து என்னைத் திருத்துங்கள்.

விளக்கு வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கீரைக்கு வைக்கலாம். வெள்ளை எல்.இ.டி. பட்டையைச் செடிக்கு 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு 14 மணி நேரம் எரியவிட்டால் லெட்டூஸும் கீரை நாற்றும் நன்றாக வரும். உயரத்தைக் கூட்டினால் வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும், எனவே செடி வளர வளர விளக்கையும் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். தக்காளிக்கு விளக்கு வைத்துக் காய் எடுப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. மின்சாரச் செலவுக்கு ஈடாகாது.

இரண்டாவது அளவு, வேருக்கான இடம். தொட்டியின் வாய் அகலத்தைப் பார்த்து வாங்குவதை நிறுத்திவிட்டு லிட்டரில் யோசியுங்கள். தக்காளிக்கு ஒரு செடிக்குக் குறைந்தது 20 லிட்டர். மிளகாய்க்கு 10 அல்லது 12. கத்தரிக்கு 15 முதல் 20. கீரைக்கு லிட்டரைவிட ஆழம் முக்கியம்: 15 செ.மீ. இருந்தால் போதும், அதனால் அகலமான ஆழமில்லாத தட்டுத் தொட்டியே அதற்குச் சரி. முள்ளங்கிக்கு 20 செ.மீ., கேரட்டுக்கு 30 செ.மீ. நீங்கள் தக்காளி வைத்தது ஐந்து லிட்டர் தொட்டியாக இருந்திருக்கலாம். வெயில் நாளில் நன்கு வளர்ந்த ஒரு தக்காளிச் செடி இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். ஐந்து லிட்டர் தொட்டிக்குள் அவ்வளவு நீர் நிற்கவே நிற்காது. மாலையில் நீங்கள் வருவதற்குள் அது காய்ந்து, செடி வாடியிருக்கும்.

காயின் அடி கறுத்ததற்குக் காரணம் இங்கேதான். அது நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. காயின் திசுவுக்குக் கால்சியம் தேவை. அது வேரிலிருந்து மேலே ஏறும் நீரோடு மட்டுமே பயணம் செய்யும். இலை நீரை ஆவியாக வெளிவிட்டுக்கொண்டே இருப்பதால் பெரும்பாலான நீரும் கால்சியமும் இலைக்குப் போய்விடும். காய் அதிகம் ஆவியாக்காது, அதற்கு வருவதே கொஞ்சம். நடுவில் ஒருநாள் தொட்டி காய்ந்தால் அந்தக் கொஞ்சமும் நின்றுபோகும், காயின் கடைசி முனை செத்துக் கறுக்கும். பலரும் உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். முட்டை ஓடு கரைய மாதங்கள் ஆகும், இந்தப் பருவத்துக் காய்க்கு அது எட்டாது. தொட்டியில் கால்சியம் இருந்தும் இந்தக் கறுப்பு வரலாம், ஏனென்றால் குறை போக்குவரத்தில் இருக்கிறது. பெரிய தொட்டி, ஒரே சீரான ஈரம், மேல் மண்ணை மூடக் காய்ந்த இலை போன்ற மூடாக்கு. இவை மூன்றும் இருந்தால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

தொட்டியின் அடியில் கல் அல்லது ஓட்டுச் சில்லு போட்டால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே முடித்துவிடலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி எடுத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டு நின்றதும் அதைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடி தண்ணீர் கொட்டும். ஸ்பாஞ்சு அதேதான், உயரம் மட்டும்தான் கூடியது. தொட்டி மண்ணும் அப்படியே. அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் வடியாமல் தேங்கி நிற்கும், அந்த உயரம் கலவையின் தன்மையைப் பொறுத்தது. கல் போட்டால் அந்த ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்குக் கிடைக்கும் காற்றோட்டமான இடம்தான் குறையும். துளையை ஒரு வலைத் துண்டால் மூடிவிட்டு முழுக்கக் கலவையை நிரப்புங்கள். கறுப்புத் தொட்டி நேர் வெயிலில் நின்றால் ஓரத்து வேர் 40 டிகிரிக்கு மேல் வெந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெளிர் நிறம் நல்லது, இல்லாவிட்டால் தொட்டியைச் சுற்றி ஒரு பழைய சாக்கைக் கட்டுங்கள்.

எடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நான் சொல்லாமல் விடுவதும் இல்லை. நனைந்த தோட்டத்து மண் 20 லிட்டர் சுமார் 35 கிலோ இருக்கும். கோகோபீட், அதாவது தென்னை நார்த்தூள், கலந்த கலவை என்றால் அதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல். பத்துத் தொட்டிக்கு இந்த வித்தியாசமே 150 கிலோ. குடியிருப்பு பால்கனிகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ வரை தாங்க வேண்டும் என்று பல நாடுகளின் கட்டட விதிகள் சொல்கின்றன. ஆனால் பழைய கட்டடம், விரிசல் விட்ட தளம், துருப்பிடித்த கம்பி தெரியும் விளிம்பு என்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள், ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் வெளி விளிம்பில் வைக்கும் சுமைதான் அதிகம் அழுத்தும். அதனால் கனமான தொட்டிகள் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கட்டும், லேசான கீரைத் தட்டுகள் வெளிப்பக்கம் போகட்டும். கைப்பிடிக் கம்பியில் தொங்கும் தொட்டிகளை உட்பக்கமாக மாட்டி, கம்பியால் கட்டுங்கள். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு தொட்டி விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மண் என்று சொன்னாலும் தொட்டிக்கு மண் தேவையில்லை. தரையில் மண்புழுவும் வேர்களும் மண்ணைத் திறந்து வைத்திருக்கும், தொட்டிக்குள் அதே மண் நாலு முறை நீர் ஊற்றியதும் செங்கல்போல இறுகிவிடும். நான் போடும் கலவை: பாதி கோகோபீட், மூன்றில் ஒரு பங்கு நன்றாக மட்கிய உரம் அல்லது மண்புழு உரம், மீதி பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) அல்லது உமி. கோகோபீட் கட்டியை ஊறவைத்து, நீரை வடித்து, மறுபடி நல்ல நீர் ஊற்றி வடித்து, இப்படி இரண்டு மூன்று முறை அலச வேண்டும். தென்னை மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருந்தால் உப்பு அதிலேயே இருக்கும். அதோடு, அலசாத நாருக்குத் தன்னிடமுள்ள சோடியத்தையும் பொட்டாசியத்தையும் விட்டுக்கொடுத்துக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. உங்கள் தக்காளியின் அடி கறுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அரைகுறையாக மட்கிய உரம் தொட்டியில் சூடாகும், நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும். மட்கிய உரத்தில் காட்டு மண் வாசனை மட்டும்தான் வர வேண்டும், வேறு நாற்றம் வந்தால் இன்னும் சில வாரம் காத்திருங்கள்.

தண்ணீர் ஊற்றுவதற்கு "நாளுக்கு ஒருமுறை" என்று விதி வைத்துக்கொள்ளாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். சின்னத் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், நனைந்த தொட்டியின் கனம் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். ஊற்றினால் அடித் துளையில் சொட்டும் வரை ஊற்றுங்கள். மேலாக நனைத்தால் வேரும் மேலாகவே நிற்கும். உயர மாடிகளில் வெயிலைவிடக் காற்றுதான் அதிகம் உலர்த்தும், மேகமூட்டமான காற்று நாளில் ஏமாந்துவிடுவோம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது தானே நீர் குடிக்கும் வாளி. ஒரே அளவுள்ள இரண்டு வாளிகள் வேண்டும். உள் வாளியின் அடியில் சிறு துளைகளும் நடுவில் ஒரு பெரிய துளையும் போட்டு, அந்தப் பெரிய துளையில் சுற்றிலும் ஓட்டை போட்ட ஒரு சின்ன டப்பாவைக் கீழ்நோக்கி இறக்குங்கள். வெளி வாளியின் அடியில் சில செங்கல் துண்டுகளை வைத்து அதன் மேல் உள் வாளியை உட்கார வைத்தால் இடையில் நீர் நிற்க இடம் கிடைக்கும். டப்பா அந்த நீரில் முழுகி நிற்கும், அதில் அடைத்த கலவை விளக்குத் திரிபோல ஈரத்தை மேலே இழுக்கும். உள் வாளியின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே வெளி வாளியில் ஒரு வழிவுத் துளை கட்டாயம், இல்லையென்றால் ஒரு மழையில் வேர் மூச்சுத் திணறிவிடும். நீர் ஊற்ற ஓரத்தில் ஒரு குழாய், குழாயின் வாய்க்கும் வழிவுத் துளைக்கும் கொசுவலைத் துணி. தேங்கிய நீரில் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். சாதாரணத் தொட்டிகளின் அடித் தட்டுகளையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். கீழ் வீட்டுக்காரரின் துணியில் சொட்டாமல் பார்த்துக்கொள்வதும் இதே வேலையின் ஒரு பகுதிதான்.

உரத்தில் நான் பெரிதாக நேரம் செலவிடுவதில்லை. தொட்டியில் ஊற்றும் நீர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சத்தை வெளியே எடுத்துப் போகும், அதனால் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். கீரைக்கு ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மேலாக ஒரு கைப்பிடி மண்புழு உரம். காய்க்கும் செடிக்குப் பூக்கத் தொடங்கியதும் நைட்ரஜனைக் குறையுங்கள், இல்லாவிட்டால் இலை தழைக்கும், பூ நிற்காது. தொட்டி ஓரத்தில் வெள்ளைப் படலம் படிந்தால் அது உப்பு. நிறைய நல்ல நீர் ஊற்றி வடியவிடுங்கள்.

சின்ன இடத்தில் விளைச்சலைக் கூட்டுவது விதைக்கும் ஒழுங்கு. ஒரே நாளில் எல்லாத் தட்டிலும் கீரை விதைத்தால் ஒரே வாரத்தில் மலைபோல் வரும், பிறகு ஒரு மாதம் வெறும் மண். நான்கு தட்டுகள் வைத்துக்கொண்டு பத்து நாளுக்கு ஒரு தட்டு விதையுங்கள். வேரோடு பிடுங்காமல், தரையிலிருந்து நாலைந்து செ.மீ. விட்டு வெட்டுங்கள். தண்டுக்கீரையும் லெட்டூஸும் இரண்டு மூன்று முறை துளிர்க்கும். கொத்தமல்லி ஒரே முறைதான் நன்றாக வரும், வெப்பம் ஏறினால் உடனே பூத்துவிடும், எனவே அதைத் தொடர்ந்து விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் ஒவ்வொரு மணியிலும் இரண்டு விதைகள் இருக்கின்றன, சப்பாத்திக் கட்டையால் மெதுவாக உருட்டிப் பிளந்து விதைத்தால் முளைப்பு கூடும். புதினாவுக்குத் தனித் தொட்டி கொடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துச் செடியின் இடத்தையும் எடுத்துக்கொள்ளும். வெங்காயத் தாளை வேர்ப்பக்கம் மூன்று செ.மீ. விட்டு நட்டால் ஒரே வாரத்தில் மறுபடி கத்தரிக்கலாம். தொடங்குபவர்களுக்கு இதைவிட நம்பிக்கை தரும் செடி கிடையாது.

கலவையே வேண்டாம், தண்ணீரில் வளர்க்கலாமா என்று நினைத்தால் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிராட்கி வகுத்த முறை இருக்கிறது. மூடிய பாத்திரத்தில் சத்துக் கரைசல், மூடியின் துளையில் செடி, மோட்டார் கிடையாது. செடி குடிக்கக் குடிக்க நீர் மட்டம் இறங்கும், இறங்கிய இடத்தில் வேர் காற்றைச் சுவாசிக்கும். லெட்டூஸ் வைத்தால் ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில், பெரும்பாலும் மறுபடி நீர் ஊற்றாமலே தயாராகிவிடும். பாத்திரத்துக்குள் வெளிச்சம் புகக் கூடாது, புகுந்தால் பாசி பிடிக்கும்.

முளைகட்டிய விதைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இளங்கீரை, அதாவது விதைத்து பத்து நாளில் இரண்டு இலைப் பருவத்தில் வேருக்கு மேலே வெட்டுவது, சன்னல் ஓரத்துக்கு மிக ஏற்றது. முளைகளோ வெதுவெதுப்பான ஈர இருட்டில் வளர்பவை, கிருமிக்கும் அதே சூழல்தான் பிடிக்கும். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியாகப் பரவிய ஈ.கோலி கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முளைகளை வேகவைத்துச் சாப்பிடுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்குப் பச்சையாகக் கொடுக்கவே வேண்டாம்.

நகரத்துக் காற்றில் வளரும் கீரை பாதுகாப்பானதா என்றும் கேட்பார்கள். பெரிய ஆபத்து காற்றைவிட மண்ணில் இருக்கிறது. பெட்ரோலில் ஈயம் கலப்பது உலகம் முழுவதும் நின்றது 2021-ல்தான், பழைய சாலையோர மண்ணிலும் பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரடி மண்ணிலும் அந்த ஈயம் அப்படியே கிடக்கிறது. அந்த மண்ணை அள்ளி வந்து தொட்டியில் போடாதீர்கள். நீங்கள் கலந்த கலவையில் வளரும் இலையில் தூசிதான் படியும், ஓடும் நீரில் இரண்டு முறை அலசினால் பெரும்பாலும் போய்விடும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத டிரம்களும், பெயின்ட் அடித்த பழைய மரப் பெட்டிகளும் வேண்டாம். உணவுப் பொருள் வந்த வாளிகள் எவ்வளவோ மேல்.

பூச்சிக்கு நாளும் ஐந்து நிமிடம் இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான் மருந்து. எறும்பு வரிசையாகச் செடியில் ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று பொருள். முதல் நாளிலேயே விரலால் நசுக்குங்கள், அழுத்தமான நீரைப் பீய்ச்சுங்கள். மிஞ்சினால் ஒரு லிட்டர் நீரில் 10 மில்லி பொட்டாசியம் சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடியில் படும்படி. துணி துவைக்கும் பொடியைக் கரைத்து அடிக்காதீர்கள், இலை கருகிவிடும்.

சரி, உங்கள் பால்கனியில் நானாக இருந்தால் என்ன செய்வேன்? இந்த வாரம் எதுவும் வாங்க மாட்டேன், வெயிலை மட்டும் அளப்பேன். மூன்று நான்கு மணி நேரம் என்று வந்தால், கைப்பிடிச் சுவரின் உயரத்துக்கு ஒரு நீளப் பலகை போட்டு நான்கு கீரைத் தட்டுகளைப் பத்து நாள் இடைவெளியில் விதைப்பேன். சுவரோரம் ஒரு புதினா, ஒரு கொத்தமல்லித் தட்டு, ஒரு வெங்காயத் தாள் பெட்டி. அதிக வெயில் படும் மூலையில் 12 லிட்டர் வாளியில் ஒரே ஒரு மிளகாய், சோதனைக்காக. அந்த மிளகாய் கணுவுக்குக் கணு நெருக்கமாக வளர்ந்து காய்த்தால் அந்த மூலை தக்காளியையும் தாங்கலாம். அப்போது குட்டை இனத்துச் சிறு தக்காளி ஒரே செடி, 20 லிட்டர் தானே நீர் குடிக்கும் வாளியில். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் குளிராத மாதங்களில் தக்காளி மகரந்தம் வீணாகும், பூ உதிரும். அதனால் நாற்று விடும் நாளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, பூக்கும் வாரங்கள் வெப்பம் குறைந்த மாதத்தில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பூத்ததும் காலை பத்து மணிவாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். மூன்றாம் மாடிக்குத் தேனீ வராத நாளிலும் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.